தீப்பொறியிலிருந்து தள்ளி நின்றவர்

நௌஷாத் முதலில் மயங்கி விழுந்தது குளச்சல் மீன் சந்தையில். சாளை வாங்கப் பையை விரித்தவர் அப்படியே ஐஸ்பெட்டி மேல் சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்த பெண்களிடம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான் என்று சமாதானம் சொன்னார். மறுவாரம் வீட்டு வாசலிலேயே விழுந்தபோது மனைவி ரிஸ்மா கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயத் துடிப்பு இடையிடையே நின்றுவிடுகிறது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே தோலைக் கீறி பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார், "என்ன வேலை பாக்கறீங்க?"

ரிஸ்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"பழைய பெட்ரோல் கார்களுக்கு இக்னிஷன் வேலை, சார். காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்கு..."

"ஓடுற என்ஜின் மேல குனிவீங்களா?"

"அதாக்கும் வேலையே."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இனிமே கூடாது. பிளக்குக்குப் போற கரண்ட் பக்கத்துல இருந்தா, இந்த பேஸ்மேக்கர் அதை உங்க இதயத் துடிப்புன்னு நினைச்சிரும். இதயம் தானா அடிக்குதுன்னு சும்மா இருந்திரும். அது சும்மா இருந்தா உங்களுக்கு ஆகாது. கையெட்டாத தூரத்துல நில்லுங்க."

படியிறங்கும்போது ரிஸ்மா கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாரம் தூக்கப்பிடாதாம்."

திங்கள்சந்தை போகும் ரோட்டோரம் நௌஷாதின் ஷெட். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஃபியட்டுகளும், வாப்பா ஓட்டிய அம்பாசடரை விற்க மனமில்லாத வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகளும் அங்கே வரும். அந்தக் கார்களில் கோளாறு சொல்லக் கம்ப்யூட்டர் கிடையாது. அதைச் சொல்வதற்கு நௌஷாதிடம் மூன்று கருவிகள் இருந்தன, மூன்றும் திருவனந்தபுரத்தில் மூடப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவை. ஒன்று, பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. அதில் பிளக்கைத் திருகிக் காற்றழுத்தம் ஏற்றினால், சின்னக் கண்ணாடி வழியே தீப்பொறி தெரியும். நீலமாகப் பாய்ந்தால் பிளக் நல்லது. மஞ்சளாகத் தயங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். இரண்டாவது, பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தனியாகச் சுழற்றிப் பார்க்கும் பெஞ்ச். நான்கு பொறிகளும் சரியான இடைவெளியில் விழுகின்றனவா என்று அது காட்டும். மூன்றாவது, துப்பாக்கி போலிருக்கும் டைமிங் லைட். முதல் பிளக் பொறி விடும்போதெல்லாம் அது மின்னும். அந்த மின்னலில், அசுர வேகத்தில் சுற்றும் புல்லியின் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கோடு குறிக்கு நேரே நின்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், சரி. மூன்றுக்குமே கிட்டே போய்க் குனிந்தாக வேண்டும்.

தையல் பிரித்ததும் நௌஷாத் ஷெட்டைத் திறந்தார். ரிஸ்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அருமனையில் கல்யாண வண்டி வாடகைக்கு விடும் அபினேஷ் தன் ஃபியட்டைக் கொண்டுவந்தான். மேட்டில் ஏறும்போது முக்குகிறது என்றான். நௌஷாத் டைமிங் லைட்டை மாட்டி, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்தார். வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுத்த நொடி அது இரண்டானது. காதுக்குள் இரைச்சல் எழுந்தது, முழங்கால் மடங்கியது. பானட்டைப் பிடித்து உந்திப் பின்னால் சாய்ந்தார். சுவரில் முதுகு இடித்தபோது நெஞ்சு மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"அண்ணே, முகம் வெளுத்துப் போச்சே!"

"வெயிலாக்கும் மக்கா. வண்டியை ஆஃப் பண்ணு."

அபினேஷ் நம்பவில்லை. பைக்கில் ஏற்றி வீட்டில் கொண்டுவிட்டு, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ரிஸ்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ரிஸ்மா மிஷினை நிறுத்தினாள். "டாக்டர் பாரத்தை மட்டுமாக்கும் சொன்னாரு?"

நௌஷாத் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"சொன்னா நீ ஷெட்டுக்கு விடமாட்ட."

"விடமாட்டேன்தான்."

"பிறகு நான் என்ன செய்ய? அதையும் நீயே சொல்லு."

அவள் துணியை இழுத்து மறுபடி தைத்தாள். தையல் கோணலாகப் போனது.

ஷெட் பூட்டிக் கிடந்தது. நௌஷாத் வீட்டில் எரிந்து விழுந்தார். குழம்பில் உப்பு, ஃபேனின் சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாமே குற்றமாகின. தெருவில் ஏதாவது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தால் எழுந்து நிற்பார். ரிஸ்மா பார்ப்பாள். உட்கார்ந்துவிடுவார்.

மழைக்காலம் முடிந்து கல்யாணங்கள் தொடங்கின. ஃபியட் இன்னும் முக்குகிறது, வேறு இரண்டு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தும் சரியாகவில்லை என்று அபினேஷ் வீட்டுக்கு வந்து நின்றான். நௌஷாத் வாயைத் திறக்குமுன் ரிஸ்மா சொன்னாள்:

"கிட்ட நின்னு செய்ய வேண்டியதை நான் செய்யுதேன். இவரு தள்ளி நிக்கட்டு."

ஷெட்டைத் திறந்தார்கள். என்ஜின் நின்றிருக்கும்போது நௌஷாத் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டைச் சுத்தம் செய்து, லைட்டின் வயர்களை மாட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். அபினேஷ் வண்டியை ஸ்டார்ட் செய்தான். ரிஸ்மா குனிந்தாள்.

"ஷால்! ஷாலை ஒதுக்கு, ஃபேன் இழுத்திரும்!" நௌஷாத் கத்தினார்.

அவள் ஷாலை உருவிக் கம்பியில் போட்டுவிட்டு வந்தாள். "கோடு ஆடுது. குறிக்கு மேல போவுது."

"டிஸ்ட்ரிபியூட்டரைப் பைய திருப்பு. ஒரு மயிரிழைதான்."

"எந்தப் பக்கம்?"

"எனக்க பக்கமா. செரி, இப்ப?"

"நிக்குது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நேராட்டு நிக்குது."

ஃபியட் மேடேறியது. ஆனால் மறுநாள் வந்த ஒரு அம்பாசடரின் பிளக்குகளைப் பச்சைப் பெட்டியில் மாட்டியபோது, அவள் பார்த்து அவர் சொல்வது நடக்கவில்லை.

"என்ன நிறம்?"

"நீலம் மாதிரி இருக்கு."

"மாதிரின்னா? ஓரத்துல மஞ்சள் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கும்போல."

"இருக்கா, இல்லியா?"

"எனக்குத் தெரியல்ல!"

சுவரிலிருந்து நௌஷாத் நகர்ந்தார். ஓரடி, இன்னோரடி. கண்ணாடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகையில் ரிஸ்மா ஸ்விட்சை அணைத்தாள்.

"ஒரு நொடியாக்கும் ரிஸ்மா. பாத்திட்டு வந்திருவேன்."

"அந்த ஒரு நொடியிலதான் அன்னைக்கு விழப்போனீங்க." அவள் பிளக்கைத் திருகிக் கழற்றினாள். என்ஜினிலிருந்து எடுத்த சூடு ஆறாத பிளக்கில் விரல் கொப்பளித்துப்போனதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். "நீங்க இல்லாம இந்தப் பெட்டியை வச்சு நான் என்ன செய்ய?"

நௌஷாத் ஷெட்டுக்கு வெளியே போய் நின்றார். அவருடைய கோபம் அவள்மீது இல்லை. சொந்தக் கண்ணால் பார்க்காததை நல்லது என்று சொல்லி ஒருவனிடம் கொடுக்க அவரால் முடியாது. நடுரோட்டில் வண்டி நின்றால் யார் பதில் சொல்வது? கொல்லத்திலிருந்து ஒருவர் வந்து, நௌஷாத் விற்ற பெட்டியையும் பெஞ்சையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். டைமிங் லைட்டை மட்டும் கொடுக்கவில்லை. கோடு நிற்கிறதா ஆடுகிறதா என்பதில் ரிஸ்மாவின் சொல்லை அவர் நம்பினார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஷெட் திறக்கிறது. வண்டி குறைவுதான். அவர் சுவரோரம் நிற்கிறார், அவள் குனிகிறாள். சில நாள் ஒத்துவருகிறது. சில நாள் சண்டை போட்டுப் பாதியில் பூட்டிவிட்டுத் தனித்தனியாக வீட்டுக்கு நடக்கிறார்கள்.

போன வாரம் தோவாளையிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். பெட்ரோல் அம்பாசடர், சூடானால் அணைந்துபோகிறது என்றார்.

"காயிலா இருக்கலாம், கண்டென்சரா இருக்கலாம். கொண்டு வாங்க," என்றார் நௌஷாத். "ஓடவிட்டுப் பாக்கது எனக்க வீட்டுக்காரியாக்கும்."

அவர் அவசரமாகப் பேச்சை முடித்தார்.

"செரி அண்ணாச்சி, யோசிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

இதுவரை கூப்பிடவில்லை.