ராகுகாலத்தில் பூட்டிக்கொள்ளும் கணினி

இதை எழுத நான்கைந்து வருஷம் தயங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் தவறாமல் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிறவள் நான். இவளே நேரங்காலத்தைக் கேலி செய்யலாமா என்று கேட்பார்களே என்ற பயம்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவது. டாக்டர் சொல்வதைத் தட்டச்சு செய்து ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பேன். அந்தக் கணினியில் முதலாளி போடாத தடையே கிடையாது. பென் டிரைவ் செருக முடியாது. திரையில் இருக்கும் படத்தைக்கூட மாற்ற முடியாது. அது அவருடைய படம். சுற்றிலும் பூ வேறு, காரியத்துக்கு வைத்த மாதிரி. எதைத் தொட்டாலும் நிர்வாகியை அணுகச் சொல்லும். நிர்வாகியும் அவர்தான்.

இது போதாதென்று உளுந்தூர்பேட்டையிலிருந்து ஆளை வரவழைத்து, ராகுகாலத்தில் கணினியில் எங்கள் பெயரிலுள்ள கணக்கே திறக்காதபடி செய்தார். அந்த ஏற்பாட்டுக்கு அரை மணிக் கணக்குத் தெரியாதாம், முழு மணிதானாம். அதனால் ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வருகிற ராகு எங்கள் சென்டருக்குப் பத்துக்கே வந்துவிடுவார். ராகுவுக்கே ஓவர்டைம் போட்ட புண்ணியவான். அவருடைய கணக்குக்கு மட்டும் ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் நிறைமாத மனைவியைக் கூட்டிவந்தார். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வயிற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். நான் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மணி பத்தானது. திரை பூட்டிக்கொண்டது.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"பன்னெண்டுக்கு மேல குடும்மா. ராகுகாலத்துல குடுக்குற ரிப்போர்ட்டு நல்லாவா வரும்?"

"புள்ளைக்கு ஆபத்துங்க. நீங்களாவது வந்து தொறந்து குடுங்க."

"நான் பூஜையில இருக்கறேன்" என்று வைத்துவிட்டார். ராகுகாலத்தில் பூஜை செய்யலாமாம், ரிப்போர்ட் கொடுக்கக் கூடாதாம். அந்த நேரத்தில்தானே நாங்கள் அம்மனுக்கு விளக்கே ஏற்றுகிறோம். இவருடைய பக்தி, கடவுளுக்கும் கடவுச்சொல் வைக்கிற பக்தி.

மலைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கூர்ல மாடு வாங்கத்தாம்மா நேரம் பாப்பம். இங்க இன்னா, பொட்டிக்கே பாத்துக்கினு கீறீங்க."

டாக்டரம்மா தயங்கினார். அச்சடித்த ரிப்போர்ட்தான் வெளியே போக வேண்டும் என்பது முதலாளியின் இன்னொரு சட்டம். என் பையிலிருந்த கோயில் திருவிழா நோட்டீசை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல எழுதிக் குடுங்கம்மா. இதுக்கு யாரும் பூட்டுப் போடல."

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, பூட்டிய திரைக்கு முன்னால் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே உடனே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். பெண் குழந்தை. மலைக்காரர் போன் செய்து சொன்னபோதும் எங்கள் கணினி திறக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். "ராகுகாலத்துலயா பொறந்துச்சு, பாவம்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது.

யாருக்காவது இதைச் சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ராகுகாலம் பொய் என்று நான் சொன்னதாகச் சேர்க்காதீர்கள். நான் இன்னும் பார்க்கிறேன். அம்மன் நேரில் வந்தாள் என்றும் சேர்க்க வேண்டாம். முக்கியமாக, முதலாளி மனம் திருந்தினார் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். இந்த வெள்ளிக்கிழமையும் பத்து மணிக்குத் திரை பூட்டிக்கொண்டது. என் பையில் நோட்டீஸ் இருந்தது.