நாலு பக்கமும் தண்ணி

நம் பெயின்டர் வாழ்நாளில் எந்தச் சுவரையும் நடுவிலிருந்து தொடங்கியவரல்ல. ஓரத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் இதைக் கொள்கை என்பார். அவர் மனைவி வேறு பெயர் வைத்திருந்தாள்.

ஆண்டுதோறும் கடைத்தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தரையில் வண்ண சாக்பீஸால் படம் வரையும் விழா நடக்கும். மூன்று வருடமாக முதல் பரிசு பெயின்டரின் சகலைக்கே. சகலைக்கு வங்கியில் வேலை. பிரஷ் பிடித்துச் சாப்பிடுகிறவரைப் பேனா பிடிக்கிறவர் தோற்கடித்தால் மாமியார் வீட்டில் என்ன மரியாதை மிஞ்சும்? இந்தத் தடவை ஜெயிக்காவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டார் பெயின்டர்.

குளம் ஒன்று வரைந்தார். மீன்களைப் பார்த்து ஒரு பூனை வந்து பயபக்தியோடு உட்கார்ந்துவிட்டது. கொள்கைப்படி ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே வந்தார். கடைசி மீனுக்குச் செதில் போட்டு நிமிர்ந்தால், நாலு பக்கமும் தண்ணி. நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தார், அதன்மேல் பெயின்டர்.

“ஏங்க, சாப்பிட வாங்க,” என்றாள் மனைவி.

“எப்படி வர்றது?”

“நடந்துதான்.”

“மீனை மிதிக்கச் சொல்றியா?”

பக்கத்துக் கட்டத்தில் கழுகு வரைந்து முடித்திருந்த சகலை கரையோரம் வந்தார். “என்ன சகலை, ஆழம் ஜாஸ்தியா? நீச்சல் தெரியுமில்ல?”

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். “சிலை தத்ரூபம். மூக்குதான் கொஞ்சம் பெரிசு,” என்றார் ஒருவர். சிலை தும்மியது.

“ஆள் உள்ள நின்னா பரிசு கிடையாது. வெளிய வாங்க!”

“கையைக் குடுங்க, இழுத்துவிடறேன்,” என்று சகலை பெருந்தன்மையோடு கை நீட்டினார். ஒரு கால் தண்ணீரில் பட்டாலும் பரிசு தனக்குத்தான் என்பது அந்தப் பெருந்தன்மையின் உள்விவரம்.

பெயின்டர் கையைப் பிடித்தார், கண்ணை மூடினார், தாவினார். குளத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் வந்த வேகத்தில் சகலையையும் சாய்த்து, இருவருமாகக் கழுகின் அலகிலிருந்து வால்வரை உருண்டார்கள்.

எழுந்து பார்த்தால் தரையில் கழுகில்லை. அது சகலையின் வெள்ளைச் சட்டை முதுகில் இறக்கையோடு ஒட்டியிருந்தது.

“இதைப் பாத்து மார்க் போடுங்க!” என்று குனிந்து நின்றார் சகலை.

நடுவர்கள் நீதிமான்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதுகைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். “கோழி நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா முதல் பரிசு குளத்துக்கு,” என்றார்கள்.

பெயின்டரின் மனைவி தன் அக்காவிடம் கனிவாகச் சொன்னாள்: “சட்டையைத் துவைச்சுடாதக்கா. அத்தான் வரைஞ்சதுல அதுதான் மிச்சம்.”