கொலுவின் நான்காம் படி

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அது கண்ணில் பட்டுவிட்டது. கூடத்தில் மாமியார் கொலு வைத்து முடித்திருந்தார். கீழே டிரங்குப் பெட்டிகள், பிஸ்கட் டின்கள், ஒரு பெஞ்சு. அவற்றின் மேல் பலகைகள். எல்லாவற்றையும் மூடி வெள்ளை வேட்டி, அதன் மேல் பொம்மைகள். மொத்தம் ஏழு படி. நான்காவது படியின் ஓரத்தில் வேட்டி கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே எட்டிப் பார்த்த பிளைவுட் மூலை எனக்கு நன்றாகத் தெரிந்த மூலை.

அது என் படம்.

"பழைய பலகையைக் கரையான் தின்னுடுத்துடி. நல்ல வேளை, பீரோ பின்னாடி இது இருந்தது. அளவெடுத்து அறுத்த மாதிரி உக்காந்துடுத்து" என்றார் மாமியார். அவருக்கு ஒரே சந்தோஷம். "சாயம் வேட்டியில ஒட்டிண்டுடப்போறதேன்னு அந்தப் பக்கத்தைக் கீழ போட்டுட்டேன்."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குத் தெரிந்த பதிலே அந்த ஒன்றுதான்.

அடையாறில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். மயிலாப்பூரில் கல்யாணமாகி வந்த வீட்டில், பின்கட்டு வராந்தாவில் உட்கார்ந்து வரைவேன். கேன்வாஸ் வாங்க வசதியில்லை. தச்சர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் பிளைவுட்டைக் கேட்டு வாங்கி வெள்ளையடித்து அதில் போடுவேன். வரையாதே என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. காட்டு என்று கேட்டதும் இல்லை. போட்டு முடித்த படம் பீரோவின் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கும். உள்ளூர எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. படத்தைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கிவிட்டால் அதோடு நான் தீர்ந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்தப் படத்தில் இருந்தவை வெறும் குடங்கள். தொண்ணூறுகளின் கோடைகளை இங்கே கழித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. ஆட்கள் போய்விடுவார்கள், குடம் வரிசையில் நிற்கும். பச்சை, நீலம், ஆரஞ்சு, வாய் உடைந்த ஒரு மஞ்சள் குடம். மொட்டை வெயிலில் மனிதர் ஒருவரும் இல்லாத தெருவில், யாரோ வருவார்கள் என்று அவை நின்ற நிற்பு என்னை விடவில்லை. வரிசை நீளம் என்பதால் நீளமான, அகலம் குறைந்த பலகையில் போட்டேன். கொலுப்படிக்கு அது பொருந்திப்போனதும் அதனால்தான்.

பெசன்ட் நகரில் சின்னதாக ஒரு கேலரி இருந்தது. புதியவர்களுக்காக ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள், நவராத்திரி வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் படத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று பள்ளியில் இன்னொரு டீச்சர் சொல்லியிருந்தார். காட்டும்படி என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். அதன் மேல் இப்போது தசாவதார செட் நின்றுகொண்டிருந்தது.

வைத்த கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது. கடைசி நாள் இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கதையும் இருந்தது. என் கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருடம் கூரை ஒழுகி நடுவிலேயே கொலுவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம்தான் மாமனார் போனார். மாமியார் இதைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். மெதுவாகச் சொல்வார், அதுதான் கேட்பவரைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஒரு படியை உருவினால் மிச்சம் ஆறு. படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். "அம்மாவைக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அம்மாவைக் கேட்க முடிந்தால் இவரிடம் ஏன் வருகிறேன்?

வெள்ளிக்கிழமை வரை நான் தூங்கியதாக நினைவில்லை. போகாமல் இருந்துவிடலாம், காரணம்தான் கைவசம் இருக்கிறதே என்று ஒரு மனசு. அந்த மனசை நினைத்துத்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இந்த வருடம் கொலு, அடுத்த வருடம் வேறு ஏதாவது. இப்படியே சுவரைப் பார்த்து நின்று முடிந்துவிடுமோ என்று திகிலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். மத்தியானம் கொண்டைக்கடலையை வேகப்போட்டுவிட்டு மாமியார் பக்கத்துத் தெரு மாமி வீட்டுக்குப் போனார். நான் கொலுவின் முன்னால் போய் நின்றேன். மச்ச அவதாரத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. அடுத்தது கூர்மம். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் கிண்டி நெரிசலில் கணவரின் ஸ்கூட்டர் கண்ணில் வந்து வந்து போயிற்று. கடைசியில் கல்கியைக் கையில் பிடித்திருந்தபோது வாசற்கதவு திறந்தது.

"என்னடி பண்ணிண்டிருக்கே?"

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுமா? சாயந்திரம் நாலு பேர் வருவா. ஆறு படியை வெச்சுண்டு நான் என்ன சொல்லுவேன்?"

"இதை ஒரு கேலரியில காட்டணும், வந்த உடனே திருப்பி வெச்சுடறேம்மா" என்று உளறிவிட்டு, படத்தை உருவிப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஆட்டோவுக்குள் படம் முழுதாக நுழையவில்லை. "இன்னாம்மா, பலகையா? வெளிய நீட்டிக்கினு கீது, பாத்து புட்சிக்கோ" என்றார் டிரைவர்.

"ஆமாம்பா, பலகைதான்" என்றேன்.

கேலரியை நடத்தும் அம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். பிஸ்கட் டின்னின் விளிம்பு பட்டு நீலக் குடத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று தவித்தேன். அவர் கேட்கவில்லை. கீறல் கண்ணில் படும் அளவுக்கு அவர் பார்க்கவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா குடத்தை யாரு வாங்கி மாட்டுவாங்க? கோயில், கோலம்னு ஏதாவது இருந்தா கொண்டு வாங்களேன்" என்றார். போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இத்தனை வருடமாக நான் பயந்தது இதற்குத்தான். பீச் பக்கம் வந்து படத்தை ஒரு சிமெண்டு பெஞ்சில் வைத்துப் புடவையை விலக்கினேன். அழுகை வந்தது, அழுதேன். சுண்டல் விற்பவர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மஞ்சள் குடம் உடைந்த வாயோடு அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்த வெயில், நான் பார்த்த தெரு. அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னதில் ஒரு குடம்கூட நகரவில்லை. அதை நான்தான் பார்த்தேன், நான்தான் போட்டேன். அது சரியாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் நுழைந்தேன். கொலுவின் நடுவில், பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. பிஸ்கட் டின்கள் தெரிந்தன. மாமியார் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னா?"

"வேண்டாம்னுட்டாம்மா."

"சரி, போறது. கொண்டா அந்தப் பலகையை. விளக்கேத்தறதுக்குள்ள வெச்சுடலாம்."

கொடுக்கத்தான் கையை நீட்டினேன். சத்தியமாக நீட்டினேன். ஆனால் கை விடவில்லை.

"அது பலகை இல்லைம்மா" என்றேன். "நான் போட்ட படம்."

மாமியார் என்னைப் பார்த்தார். புடவைக்கு வெளியே தெரிந்த குடங்களைப் பார்த்தார். இப்போது மாமனார் கதை வரும் என்று காத்திருந்தேன். வாசலில் கணவரின் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம்தான் வந்தது. மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நின்னுண்டே இருந்தா ஆச்சா? இன்னொரு படியையும் எடு. அஞ்சு ஆக்கிடலாம், ஆறு ஆகாது."

படத்தை ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டினேன், இந்தத் தடவை முகம் கூடத்தைப் பார்த்தபடி. முதலில் வந்த எதிர்வீட்டு மாமி கொலுவைவிட அதையே பார்த்தார். "என்னடி இது, குடமா? யார் வரைஞ்சது?"

வெற்றிலைத் தட்டை அவரிடம் நீட்டினேன்.

"நான்தான் மாமி" என்றேன்.