வேகத்தடைக்கு இறங்கச் சொன்னவர்

பஸ்ஸைத் தவறவிட்ட என்னை, விழுப்புரம் பெட்ரோல் பங்க்கில் நின்ற ஒருவர் வளவனூர் வரை ஏற்றிக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தடை வந்தால் போதும், தாழ்வான வண்டி, ஆள் எடைக்கு அடி உரசும் என்று என்னை இறங்கி நடக்கச் சொல்வார். இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு அப்பளக் கூடையைப்போல் பொத்திப் பொத்தி ஓட்டுகிறாரே என்று எரிச்சலாக வந்தது. கரும்பு டிராக்டர்கூட எங்களை முந்திப் போனது.

"மைலேஜ் எவ்ளோங்க குடுக்குது?" என்றேன்.

"அத்த பாக்கறவங்க பஸ்ஸுலயே போய்க்கினு இருக்கலாங்க." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "இதுக்கு டயர் மாத்துற காசுல புது பைக்கே வாங்கலாம்."

திமிரைப் பார் என்று நினைத்தேன். அதற்குள் சாலை காலியானது, மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

அடுத்த வேகத்தடையில், அவர் வாய் திறக்கும் முன்பே நானாக இறங்கி நடந்தேன்.