பூச்சடை நடந்த மூன்று தெரு

மூங்கில் தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பூச்சடையை நீளமாகக் கிடத்தி, இன்னொரு ஈரத்துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். பார்க்கிறவர்களுக்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரித்தான் இருக்கும். கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "தூங்குற பிள்ளைக்கு டிக்கெட் இல்லக்கா, முழிச்சா அரை டிக்கெட்" என்பார். "முழிச்சா ஒன் பஸ்ஸே மணக்கும், அப்ப நீதான் எனக்குத் துட்டுத் தரணும்" என்பேன். இறங்கிப் போனால் விசேஷ வீட்டுப் பெண்கள் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா கைக்கா ஒங்க கை" என்று வாயில் கை வைப்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். அது திருட்டுச் சிரிப்பு. அந்தச் சடையில் ஒரு மொட்டுகூட நான் தைத்ததில்லை. எல்லாம் என் மருமகள் தைத்தது.

எனக்குத் தெரிந்தது பூக்கட்டுவது மட்டும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். அதனால் இந்த எழுத்தில் பிழை இருந்தால் பாதிப் பழியை அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுங்கள். கம்பம் கடைவீதியில் எனக்கு ஒரு பெட்டிக்கடை அகலத்தில் பூக்கடை இருந்தது. பின்னால் ஒரு சாக்குப் படுதா, படுதாவுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காருகிற இடம். என் மகன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டினான். மலைப்பாதையில் ஒரு மழைநாளில் போய்விட்டான். அதைப் பற்றி நான் எழுதப்போவது அவ்வளவுதான். மருமகளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இடுப்பில் என் பேத்தி. அவள் அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. "அங்கன போனா நாலு மதினிகளுக்குச் சோறாக்கணும், இங்கன ஒரு அத்தைக்குத்தான்" என்றாள். என்னைவிட வாய்த்துடுக்கு உள்ள ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.

அவள் ஊசி எடுத்த கதை என் பேராசையில் தொடங்கியது. எங்களுக்குச் சடை தைத்துக் கொடுத்த ஆள் தேனிப் பக்கம் போய்விட்டார். அது தெரிந்தும் ஒரு கல்யாணத்துக்குப் பூச்சடை தருவதாக ஒத்துக்கொண்டேன். விடிந்தால் கொடுக்க வேண்டும், என்னால் ஒரு சாண்கூட ஒப்பேற்ற முடியவில்லை. படுதாவுக்குப் பின்னால் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "தள்ளுங்க அத்தை, அது பூவா பூரானா" என்று பிடுங்கிக்கொண்டாள். வாழைப்பட்டையை ஈரமாக நறுக்கி, மல்லிகை மொட்டுகளை ஒரே பக்கம் தலை சாய்த்து வரிசை வரிசையாகத் தைத்து, நடுவில் கோழிக்கொண்டைச் சிவப்பு, ஓரத்தில் மரிக்கொழுந்துப் பச்சை, கடைசியில் ஒரு ஜரிகைச் சுற்று. முடித்ததும் சடையைத் தன் கையில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தாள். ஒரு மொட்டு உதிரவில்லை. அதற்குப் பிறகு சீலையம்பட்டிப் பூச்சந்தையில் மொட்டு பொறுக்குவது என் வேலை, தைப்பது அவள் வேலை என்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு தலைக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். நான் பெண்ணின் பழைய ரிப்பனை வாங்கி வந்து கொடுத்தால் போதும். அதன் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தே முடி அடர்த்தியா மெல்லிசா என்று சொல்லிவிடுவாள். வளைகாப்புச் சடைக்குச் சம்பங்கியைக் குறைப்பாள், பட்டையையும் பாதியாகச் சீவுவாள். "வயித்துல ஒரு பாரம் சுமக்குறவளுக்குக் கழுத்துல ஒண்ணு எதுக்கு?" என்பாள். தேனி, பழனிசெட்டிபட்டி வரைக்கும் பேர் போனது. உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகளில் ரோஜாச் சடை கேட்டு ஆள் அனுப்பினார்கள். பேர் யாருக்கு? எனக்கு. ஏனென்றால் மங்கல காரியத்துக்கு மங்கலமான கை வேண்டும். என் கை ஏன் மங்கலமான கை என்றால், என் வீட்டுக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் செய்த தொழில் அது ஒன்றுதான். அவர் தும்மினால்கூட எனக்குப் பயம், வியாபாரம் போய்விடுமோ என்று.

ஆனால் பூச்சடை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற பொருள் அல்ல. உச்சியிலிருந்து நுனி வரைக்கும் சொந்த முடியோடு சேர்த்துக் கொண்டை ஊசியால் இறுக்க வேண்டும். எந்த இடத்தில் கனம், எந்த இடத்தில் மடங்கும் என்பது தைத்தவளுக்குத்தான் தெரியும். நான் வைத்த சடைகள் வழுக்கின. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வீட்டு இளைய மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியோடு குனிந்த நேரம் பார்த்துச் சடை கழன்று புரோகிதர் மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னபோது மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் தலையில பூ இல்லையேன்னு ஒங்க சனமெல்லாம் வருத்தப்படுறாக அத்தை. பாவம், சின்ன வயசுங்கிறாக. என் தலையப் பத்தி இம்புட்டுப் பேசுறாகளே, என் கையப் பத்தி யாராவது பேசுனாகளா?" என்றாள். "எனக்குப் பூ வைக்க வேணாம். நான் வைக்கணும். நான் தைச்சத நானே, நாலு பேரு முன்னால வைக்கணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும்.

அதே இளைய மகளுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிற நாள் வந்தது. அவளை உள்ளூரிலேயே மூன்று தெரு தள்ளிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டில் வளையல் போட்டு, மேளம் முன்னால் போக, அங்கிருந்து அம்மா வீட்டுக்கு நடத்திக் கூட்டிவருவார்கள். பெண்ணின் முகத்தைவிட முதுகைத்தான் ஊர் அதிகம் பார்க்கும். அதனால் சடை பெரிதாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு திட்டம் போட்டேன். காலையில் எழுந்ததும் வலது மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டு, துணியைச் சுற்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டேன். கை பிசகிவிட்டது, ஊசி பிடிக்க முடியாது, வேறு வழியில்லாமல் மருமகளைக் கூட்டி வந்தேன் என்று சொல்லலாம். அவசரத்துக்குப் பாவமில்லை என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். எனக்கே என் மூளையை மெச்சத் தோன்றியது.

பஸ்ஸில் தட்டு அவள் மடியில் இருந்தது. ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

"கை எப்படி இருக்கு அத்தை?"

"உசுரு போகுதுத்தா."

"காலையில ரெண்டு குடம் தண்ணி தூக்குனீகளே, அப்பப் போகலையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தென்னந்தோப்பைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"அவுத்துப் போடுங்க. கை ஒடிஞ்ச கதையச் சொல்லி நான் உள்ள போனா, கை சரியானதும் திரும்பப் படுதாவுக்குப் பின்னாலதான் போகணும்."

என் ஐம்பது வருடச் சாமர்த்தியத்தை ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிட்டாள். துணியை அவிழ்த்து ஜன்னல் வழியாக விட்டேன். வாய்க்கால் கரையில் போய் விழுந்தது. அதன் பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. திராட்சைத் தோட்டத்து வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த வீடும் எங்களிடம் பூ வாங்காது. பேத்தியின் பள்ளிக்கூடம், வீட்டுச் சாப்பாடு எல்லாம் அந்த மூங்கில் தட்டில் படுத்திருந்தது.

மாமியார் வீட்டுக் கூடத்தில் பெண் மணையில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பட்டுச்சேலைகள். பெண்ணின் அம்மா, அந்தத் திராட்சைத் தோட்டத்து வீட்டம்மா, என்னைப் பார்த்துச் சிரித்தவர், பின்னால் வந்தவளின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், சிரிப்பை எடுத்துவிட்டார்.

"இது யாருக்கா?"

"என் மருமக. சடை தைக்கிறது இவதான். இன்னைக்கு வைக்கப்போறதும் இவதான்."

"நல்லாருக்கே கூத்து. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சிக்கா. வெளாட்டா ஒங்களுக்கு?"

எனக்கு வாய் திறந்துகொண்டது. "ஒங்க மூத்த மக கல்யாணச் சடை இவ தைச்சதுதான். அவுகளுக்கு ரெட்டப்பிள்ள. ஆகாத கைன்னா ஒண்ணையாச்சும் திருப்பிக் குடுத்துருங்க. மேலத்தெருவுல மூணு, பள்ளிக்கூடத்துச் சந்துல ரெண்டு, எல்லாம் இவ தைச்ச சடையில..." என்று தெருத்தெருவாக எண்ணத் தொடங்கினேன். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"பிள்ளக் கணக்க விடுங்க அத்தை. நாளைக்கு அதுல ஒண்ணுக்குக் காய்ச்சல் வந்தா அதுவும் என் கையாலதான்னு ஆயிரும்." பிறகு வீட்டம்மாவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "தைக்கிறதுக்கு ஆகுற கை வைக்கிறதுக்கு ஆகாதுன்னா எனக்குப் புரியலம்மா. நான் வைக்கணும், இல்ல இதை எடுத்துட்டுப் போறேன். கடையில பூ வாங்கி வைக்க இன்னும் நேரமிருக்கு. எனக்குக் கோவமில்ல."

கோவமில்லை என்று அவள் சொன்ன விதத்தில் மேளக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்தினார். வீட்டம்மா தன் சம்பந்தியைப் பார்த்தார், சம்பந்தி சுவரைப் பார்த்தார். மணையில் இருந்த பெண்தான் பேசினாள்.

"என் கல்யாணத்துல விழுந்துச்சே, அதுவும் நீங்க தைச்சதாக்கா?"

"தைச்சது நான். வைச்சது எங்க அத்தை."

"நீங்க வைச்சா நிக்குமா?"

"மூணு தெருவுக்கு எதுக்கும்மா கேக்குறீக? கம்பம் வரைக்கும் நடந்து போங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மணையிலேயே மெதுவாகத் திரும்பி என் மருமகளுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். "வைங்கக்கா. எனக்குக் காலு மரத்துப்போகுது" என்றாள். அவள் அம்மா ஓர் அடி நகர்ந்து வழிவிட்டார். இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள், சாப்பிடாமலே போனார்கள். அந்தச் சித்திரை முழுக்க அந்த இரண்டு வீட்டு வகையறாவும் எங்களிடம் ஒரு முழம்கூட வாங்கவில்லை. வேறு சிலரும் வாங்கவில்லை. நாங்கள் கஞ்சியை நீர்க்க ஊற்றிக் குடித்தோம். அதற்காக அவள் மறுபடி படுதாவுக்குப் பின்னால் போகவில்லை, படுதாவையே கழற்றி மொட்டு கொட்டி வைக்கத் தரையில் விரித்தாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நன்றாகப் பிறந்தது என்று சொன்னால், அதனால்தான் அவள் கை நல்ல கை என்று ஒரு தலை ஆடும். அவள் கை அதற்கு முன்பே நல்ல கை. இப்போது அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. ஸ்கூட்டியில் தேனிக்குப் போய்ச் சடை வைத்துவிட்டு வருகிறாள். இன்றும் சில வீடுகளில் வாசலோடு வாங்கிக்கொண்டு அனுப்பப் பார்க்கிறார்கள். அப்படியே தட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு வயிறு எரியும், வாய் மட்டும் "சபாஷ்" என்று சொல்லிவிடும்.

அந்த வளைகாப்பு அன்று, உச்சியிலிருந்து நுனி வரைக்கும் ஒவ்வொரு ஊசியாக அவள் இறுக்கினாள். முடித்ததும் நல்ல மனசுள்ள ஒரு அம்மா தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி, "நீயும் வச்சுக்கத்தா, யாரு என்ன சொல்றா பாப்போம்" என்று அவள் தலைக்குக் கொண்டுவந்தார். மருமகள் பணிவாக விலகிக்கொண்டாள். "வேணாம்மா. நாள் பூரா பூவோட கெடக்கேன், வாசம் கண்டாலே தலை வலிக்குது." அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. புரட்சி பண்ண வந்தவர் பூவோடு நின்றார்.

பிறகு மேளம் கிளம்பியது. பெண் நடந்தாள், கூட்டம் நடந்தது. நான் மருமகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடமாக எத்தனையோ சடை தைத்தவள், ஒன்றுகூட ஒரு முதுகில் நடந்துபோவதைப் பார்த்ததில்லை. முதல் தெருவில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த முதுகுக்கு நேர் பின்னால் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து சடையைக் காட்டிப் பேசினார்கள், யார் தைத்தது என்றும் கேட்டார்கள். நான் விரலை நீட்டி அவளைக் காட்டினேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை, கண் அந்த முதுகைவிட்டு அகலவில்லை. மூன்றாம் தெரு முனையில் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று நான் நினைக்க வேண்டும் என்பதற்காக ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, என் காதோரம் சொன்னாள்:

"எடது பக்கம் ஒரு மொட்டு கூடிப்போச்சு அத்தை. தட்டுல கெடந்தப்பத் தெரியல."