அப்பாவின் இழுப்பு

அப்பா இறந்த மழைக்காலம் முடிந்ததும் அவருடைய அறையில் நான் படுக்க ஆரம்பித்தேன். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே எங்கள் வீடு. மாடியில் அந்த அறைக்கு மட்டும்தான் காயல் காற்று வரும் என்பதால், ஆஸ்துமாக்காரரான அப்பாவுக்கு அதை ஒதுக்கியிருந்தோம். காற்று வருகிற அறையை வீணாக்குவானேன் என்று துணிச்சலாகக் கட்டிலைப் பிடித்தேன். துணிச்சல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நடுராத்திரி விழிப்பு வரும். அறைக்குள் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவார்கள். மெல்லிய விசில், அதன் முடிவில் ஒரு சின்ன முனகல். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? அப்பாவின் இழுப்பேதான். நன்றாகக் கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்வேன். உடனே அது நின்றுவிடும். நான் கவனிக்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பிறகு விடியும்வரை நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கும். பயந்தாங்கொள்ளிக்கு நெஞ்சு படபடப்பது புதிதா என்று என்னையே திட்டிக்கொண்டு, காலையில் எர்ணாகுளத்துக்குப் படகேறி ஆபீஸ் போவேன்.

ஒருநாள் சாயா குடிக்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்கும் கேக்கறதா?"

அதுவரை மனப்பிரமை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது.

"பேடிக்காதே, பயப்பட ஒண்ணும் இல்லே. சந்தி நேரத்திலே சாம்பிராணி போடறேன்," என்றாள்.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் ஊதுவத்திகூட ஏற்றியதில்லை. இப்போது தினமும் விளக்கு வைத்ததும், அம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டு என் கட்டிலருகே தூபக்காலை வைத்து அறை நிறையப் புகை போட்டாள். புகை கூடக் கூட ராத்திரிச் சத்தமும் கூடியது. அப்பாவைப் போய்ப் பேயை விரட்டுவது மாதிரி விரட்டுகிறோமே, அந்தக் கோபத்தில்தான் வருகிறார் என்று நினைத்தேன். படித்து வேலை பார்க்கிறவள் இதை வெளியில் சொல்ல முடியுமா?

கடைசியில் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவர்கள் கலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் குழலை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வீட்டில் புக உண்டோ?"

சாம்பிராணிப் புகை முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் நோய் எனக்கும் வந்திருக்கிறது என்றார். இழுப்பு என் நெஞ்சிலிருந்துதான். தூக்கத்தில் இழுக்கிறது, விழித்து மூச்சைப் பிடித்ததும் நின்றுவிடுகிறது. இன்ஹேலர் எழுதித் தந்து, புகை பக்கமே போகக்கூடாது என்றார்.

பரீட்சையில் பாஸானவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன். "அது அப்பா இல்லேம்மா, நான்தான்."

"புகை போட்ட அன்னிக்குத்தான் நன்னாக் கேட்டுது," என்றாள் அம்மா. "அதனாலேதான் தினம் போட்டேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் விரட்டவில்லை, கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவர் வரார்னு இருந்தேன்டி. உன் மூச்சையா முட்ட வச்சிண்டிருந்தேன்?"

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அழுகையும் சேர்ந்தே வந்தது. அன்றே தூபக்காலைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள்.

மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ராத்திரியில் அந்த அறை அவ்வளவு அமைதி. அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. இருட்டில் எழுந்து வந்து கட்டிலருகே நிற்கிறாள், என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். முதல்நாள் அலறிவிட்டேன். இப்போதெல்லாம் அவள் காலடி கேட்டதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவைப்போலக் கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.