இரண்டு விரல் சோதனை

முதல் அறிகுறி வகுப்பறையில் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்து முடித்த என் கணவர், சற்று நேரத்தில் மறுபடி முதல் பெயரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். விளையாட்டென்று நினைத்த பிள்ளைகள் இரண்டாம் முறையும் எழுந்து நின்றிருக்கிறார்கள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார்.

என் கணவர் பெயர் ஏழுமலை. பதினோரு வருடம் சம்பளத்துக்குக் கபடி ஆடியவர். எதிரணிக் களத்துக்குள் ரைடு போய்ப் பெயர் வாங்குகிறவர் அல்ல. கோட்டோரம் நின்று, வருகிறவனின் தொடையில் தலையைக் கொடுத்து மறிக்கும் கார்னர் ஆட்டக்காரர். பிறகு திண்டிவனம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியரானார். ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று நம்பினேன். ஆனால் பொங்கலுக்குப் பனமலைப் பக்கம் ஊர்ப் போட்டிக்குப் போய் மோதி விழுந்திருக்கிறார். அதை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். பதறினால் பட்டியல் போடுவேன். விழுப்புரத்தில், மருத்துவமனை நடையில் உட்கார்ந்து எழுதினேன்: மூன்று வாரமாகக் காலைத் தலைவலி. இடக்கை சட்டைப் பொத்தானைத் தேடித் தடவுகிறது. கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை. காரணமில்லாத எரிச்சல். ஒவ்வொன்றையும் பார்த்தேன், சேர்த்துப் பார்க்கவில்லை. இதைப் படிக்கிற நீங்களாவது தேதியோடு எழுதி வையுங்கள்.

“எத்தனை விரல் தெரியுது, சார்?” என்று மருத்துவர் கேட்டார். அவர் கையை உயர்த்தும் முன்பே ஏழுமலை “ரெண்டு” என்றார்.

“நான் இன்னும் காட்டவே இல்லையே.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. களத்தில் மயங்கி விழுந்தால் கோச் தலையில் தண்ணீர் ஊற்றி விரல் காட்டுவாராம். எப்போதும் இரண்டுதான். குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

“ரெண்டுன்னு சொன்னாதான் திரும்ப இறக்குவாங்க டாக்டர்.”

எத்தனை முறை அப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டார்.

“அத்த யாரு எண்ணிக்கினு இருந்தா?”

ஒரே விடை உள்ள சோதனை சோதனையே அல்ல. தராசு முள்ளைக் கையால் பிடித்துக்கொண்டு எடை சரி என்பது அது. ஓர் அழுத்தமானிக்கு நாங்கள் தரும் மரியாதைகூட பதினோரு வருடம் இந்தத் தலைக்குக் கிடைக்கவில்லை. அதைக் கொடுக்காதவர்களில் ஏழுமலையும் ஒருவர்.

ஸ்கேனில் நாட்பட்ட இரத்தத் தேக்கம் (சிறு நாளம் கசிந்து, மூளை உறைக்கு அடியில் வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்துவது) தெரிந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: “தேங்கினத எடுத்துட்டோம். பழைய அடியெல்லாம் என்ன பண்ணி வச்சிருக்குன்னு சொல்ல முடியாதுங்க. இன்னொரு அடி மட்டும் படவே கூடாது.”

மூன்று வாரம் கழித்துக் கோச் ஆப்பிளோடு வந்தார். “இன்னாடா, மண்டையில ஜன்னல் வச்சிக்கினியா?” என்று சிரித்தார். பிறகு சித்திரைத் திருவிழாப் போட்டிக்குக் கூப்பிட்டார். “ஆட வேணாம்டா. சும்மா கோட்டுல நின்னா போதும்.”

“நின்னா போதும்னா ஒரு கம்பத்த நட்டுக்குங்க சார்,” என்றேன்.

“ஆட்டத்தப் பத்தி உனக்கு இன்னாமா தெரியும்? அவன் வருவான்.”

அறுவைக்குப் பிறகு ஏழுமலையிடமிருந்து பதில் வரத் தாமதமாகும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச் அவருக்காகப் பேச வாயெடுத்தார்; கைகாட்டி நிறுத்தினேன். “அவரே சொல்லட்டும்.”

வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “கோட்டுல வுட்டா நான் நிக்க மாட்டேன் கோச். பாஞ்சிடுவேன். அதான் வரல.”

கோச் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். ஒரு மன்னிப்பும் வரவில்லை. என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

இப்போது தினமும் இரண்டு வகுப்பு, உட்கார்ந்தபடி எடுக்கிறார். முன்பு எங்கள் வருடம் போட்டிக்குப் போட்டி தாவியது. இப்போது ஒரு கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவில் காய்கறி நறுக்கி முடிக்கிறேன். காலையில் குனிந்து ஷூ மாட்டும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். அவர் நிமிரும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.